சின்ன சாமிகளின் ஆபீஸ்

ஒரு காரியம் ஆக வேண்டுமென்றால் யாரைப் பார்ப்பீர்கள்? தாசில்தாரையா? ஊஹூம்! விவரம் தெரிந்தவர் தாசில்தாருக்கு தூரத்திலிருந்தே ஒரு கும்பிடு போட்டுவிட்டு, நேராக ஹெட் கிளார்க் மேஜைக்குப் போவார். இன்னும் விவரமானவர், வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் பியூனிடம் "டீ சாப்டீங்களாண்ணே?" என்று ஆரம்பிப்பார்.

மேலோகத்திலும் இதே ஏற்பாடுதான். சிவன், விஷ்ணு எல்லாம் கடைசியில் கையெழுத்துப் போடுகிறவர்கள். ஃபைலை நகர்த்துகிறவர்கள் சின்ன சாமிகள்!

இந்த ஞானம் எனக்கு வந்தது வேலூர் பாலாற்றங்கரை சுடுகாட்டில். அதுவும் எகிப்து வழியாக. கொஞ்சம் சுற்று வழிதான்... பொறுத்துக்கொள்ளுங்கள்.

1998-ல் ஒரு டேனரியில் கணக்கு எழுதச் சேர்ந்தேன். எந்த டேனரி என்று கேட்காதீர்கள். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று நம்ம பக்கம் தடுக்கி விழுந்தால் டேனரி. அதில் ஒன்று. வேலூரிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி. சம்பளம் 1,800 ரூபாய். தினமும் சாயங்காலம் பஸ்ஸில் என் பக்கத்து சீட் காலியாகவே வரும். மரியாதை எல்லாம் இல்லை சார், வாசனை!

அந்த சீட்டில் தயங்காமல் உட்காருகிறவர் ஒருவர்தான். குடோனில் உப்புப் போடுகிற பெரியவர். என் அப்பாவும் அவரும் ஒரே குடோனில் இருபது வருஷம் உப்பு வாரியவர்கள். அப்பா போன பிறகும் அவர் எனக்குப் பெரியப்பா. நான் அவருக்கு 'நைனா'.

உப்புப் போடுவது என்ன பெரிய வேலை என்று நினைக்காதீர்கள். பச்சைத் தோல் லாரியில் வந்து இறங்கும். உடனே விரித்து, சதைப் பக்கம் மேலாக வைத்து, உப்பை வாரித் தேய்த்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். விட்டால் அழுக ஆரம்பித்துவிடும். லாரி சாயங்காலம் அஞ்சே முக்காலுக்கு வந்து நின்றால், ஆறு மணி ஷிப்ட் முடிகிறவன் "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று போக முடியாது. ஆறரை ஆகும். சில நாள் ஏழரை.

ஏழரை வரை வேலை செய்தால் ஒன்றரை மணி ஓ.டி.தானே? முதல் மாதம் அப்படித்தான் எழுதினேன். மேனேஜர் கூப்பிட்டார்.

"என்னப்பா இது, அரை அரையா? சில்லறையெல்லாம் எழுதிக்கிட்டிருந்தா மாசக் கணக்கு முடியுமா? முழு மணி ஆனா எழுது. இல்லேன்னா விடு."

விட்டேன். ஒன்றரை மணி என்றால் ஒன்று. அரை மணி என்றால் பூஜ்யம். தோலுக்கு அரை மணி பொறுக்காது. மேனேஜருக்கு அரை மணி கணக்கில் வராது. நடுவில் நான், கையில் பேனாவோடு.

பெரியப்பா ஒருநாளும் கேட்டதில்லை. சம்பளக் கவரை வாங்கி எண்ணிக்கூடப் பார்க்காமல் மடியில் செருகிக்கொள்வார். "கணக்கு எழுதறது நம்ம புள்ள. தப்பா வருமா?" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வார். அப்போதெல்லாம் எனக்கு லெட்ஜரில் அவசரமாக ஏதாவது தேட வேண்டியிருக்கும்!

இந்த சமயத்தில்தான் 'தி மம்மி' படம் வந்தது. 1999. படத்தைப் பார்த்துவிட்டு எகிப்துப் பைத்தியம் பிடித்தது. மாவட்ட நூலகத்தில் கிடைத்த புஸ்தகத்தை எல்லாம் எடுத்து வந்து பஸ்ஸில் படிப்பேன். பெரியப்பா எட்டிப் பார்ப்பார்.

"இன்னா நைனா, பொணத்த சுத்தி வச்சிருக்கான்?"

சொன்னேன். வயிற்றைக் கீறி உள்ளே இருப்பதை எடுத்துவிடுவார்கள். நேட்ரான் என்று ஒரு உப்பு. அதில் நாற்பது நாள் போட்டு வைத்து ஈரத்தை உறிஞ்ச விடுவார்கள். அப்புறம் எண்ணெய் தடவி, துணி சுற்றி, ஆக மொத்தம் எழுபது நாள். ஈரலுக்கு, நுரையீரலுக்கு, இரைப்பைக்கு, குடலுக்குத் தனித்தனி ஜாடி. ஒவ்வொரு ஜாடிக்கும் ஒரு காவல் சாமி. மனுஷத் தலை ஒருத்தர், குரங்குத் தலை ஒருத்தர், நரித் தலை ஒருத்தர், பருந்துத் தலை ஒருத்தர்.

பெரியப்பா தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். உப்பு தின்று வெடித்த கை.

"அப்ப நம்ம வேலைதான்னு சொல்லு. உப்பு போடறவனுக்கு அங்க இன்னா கூலி?"

புஸ்தகத்தில் அது இல்லை.

அடுத்த வாரம் ஆனி என்பவரின் கதைக்கு வந்தேன். ஆனி யார் தெரியுமோ? ராஜா இல்லை, சேனாதிபதி இல்லை. சுமார் 3,200 வருஷத்துக்கு முன்னால் கோயில் காணிக்கைகளுக்குக் கணக்கு எழுதிய ஒரு குமாஸ்தா. நம்ம ஆள்! அவரோடு புதைத்த பாபிரஸ் சுருள் 1888-ல் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போனது. செத்தவனுக்கு மேலோகத்தில் என்ன நடக்கும், யார் யார் வழி மறிப்பார்கள், என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதற்கு ஒரு கைடு புஸ்தகம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதில் ஒரு படம். நடுவில் தராசு. ஒரு தட்டில் ஆனியின் இருதயம். மறு தட்டில் ஓர் இறகு. மாஅத் என்கிற நியாய தேவதையின் இறகு. நரித்தலை அனுபிஸ் முட்டி போட்டு முள்ளைச் சரிபார்க்கிறார். நாரை போன்ற நீண்ட மூக்கு வைத்த தோத், கையில் எழுதுகோலோடு நிற்கிறார். அவர்தான் அந்த ஆபீஸ் ஹெட் கிளார்க். உலகத்தில் எழுதிப் பிழைக்கிற எல்லோருக்கும் அங்கே குலதெய்வம். அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு பிராணி காத்திருக்கிறது. முதலைத் தலை, சிங்க உடம்பு, நீர்யானைப் பின்பாகம். பெயர் அம்மித். இருதயம் கனத்துப் போய்த் தட்டு இறங்கினால், லபக்! அவ்வளவுதான். நரகம் கிடையாது, மறுபிறவி கிடையாது. ஆளே கேன்சல்!

பெரிய சாமி ஒசிரிஸ் எங்கே? உள்ளே, தன் ரூமில். தராசு வேலையெல்லாம் முடிந்த பிறகுதான் ஆளை அவரிடம் கூட்டிப்போவார்கள். நான் சொன்னேனில்லையா... கையெழுத்து போடுகிற இடம்!

ஆனால் என்னைக் கலக்கியது தராசு இல்லை. நாற்பத்திரண்டு சின்ன சாமிகள் உட்கார்ந்திருக்கிறார்கள். எலும்பு நொறுக்கி, குடல் தின்னி, நிழல் விழுங்கி என்று பெயர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு சொந்த ஊர், ஒரு சப்ஜெக்ட். செத்தவன் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, இந்தத் தப்பை நான் செய்யவில்லை என்று சொல்ல வேண்டும். கொலை செய்யவில்லை, களவு செய்யவில்லை, பொய் சொல்லவில்லை... சரி, இதெல்லாம் எல்லா ஊரிலும் உள்ளதுதான். அதே இடத்தில் ஒப்பிக்க இன்னொரு பட்டியலும் உண்டு. படி அளப்பதில் குறைக்கவில்லை. எடைக்கல்லில் கை வைக்கவில்லை. குழந்தை வாயிலிருந்து பாலைப் பிடுங்கவில்லை. ஓடுகிற தண்ணீரை மறிக்கவில்லை. அன்றைய வேலைக்கு மேல் ஆளிடம் வேலை வாங்கவில்லை.

நம்ம சித்திரகுப்தனும் இந்த ஜாதி கேள்விக்காரர்தான். காஞ்சிபுரம் கோயிலுக்குப் போனால் பாருங்கள்; ஒரு கையில் எழுத்தாணி, ஒரு கையில் ஏடு. சூலம் இல்லை, வேல் இல்லை. எழுதுகிற சாமானோடு சரி. அதுதான் பயமே!

"இதக் கேளு பெரியப்பா, செம தமாஷ்" என்று பேச்சை மாற்றினேன். எகிப்தில் பிணத்தோடு சின்னச் சின்னப் பொம்மைகளையும் புதைப்பார்கள். உஷப்தி என்று பெயர். மேலோகத்திலும் வயல் வேலை உண்டு. உன் முறை என்று கூப்பிடும்போது, பொம்மை எழுந்து "இதோ இருக்கேன்" என்று நமக்குப் பதிலாகப் போய்விடும். சில கல்லறைகளில் 401 பொம்மைகள். நாளைக்கு ஒன்றாக 365. பத்துப் பேருக்கு ஒரு மேஸ்திரி என்ற கணக்கில் 36. சின்ன வயதில் செத்த ராஜா துட்டன்காமனுக்கு 413.

பெரியப்பா பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தார். "மேஸ்திரியையும் சேத்துப் பொதச்சுட்டானா! கில்லாடி!"

கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அப்புறம் கேட்டார்:

"அந்தப் பொம்மைங்களுக்கு ஓ.டி. உண்டா நைனா?"

நான் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினேன். அவர் முகத்தில் ஒன்றும் இல்லை.

"சும்மா கேட்டேன்" என்றார்.

2000-வது வருஷம் ஐப்பசி மழையில் ஜுரமாகப் படுத்தார். பத்து நாள். போய்விட்டார். பாலாற்றங்கரையில் புதைத்தோம். குழியில் முதல் பிடி மண்ணோடு பெரியம்மா ஒரு பிடி உப்பும் போட்டாள். சடங்கா, வேறு ஏதாவதா, கேட்க எனக்குத் தைரியமில்லை.

அடுத்த மாசியில் பெரியம்மா ஆள் அனுப்பினாள். "மயானக் கொள்ளைக்கு வந்துடு நைனா. அந்த மனுசனுக்குப் படைக்கணும்."

வேலூர்க்காரர்களுக்கு மயானக் கொள்ளையை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காக: சிவராத்திரிக்கு மறுநாள், மாசி அமாவாசையை ஒட்டி, அங்காளம்மன் சுடுகாட்டுக்கு வருகிற திருவிழா. பிரம்மாவின் ஐந்தாவது தலையைச் சிவன் கிள்ளி எறிய, அந்தக் கபாலம் சிவன் கையிலேயே ஒட்டிக்கொண்டது. எதைப் போட்டாலும் அதுவே தின்றுவிடும். சிவன் அலையாத இடமில்லை. கடைசியில் அங்காளம்மன் சுடுகாட்டில் சோற்றை வாரி இறைத்தாள். கபாலம் கையை விட்டு இறங்கித் தின்னப் போனது. அம்மன் அதை மிதித்துவிட்டாள். நடந்த இடம் மேல்மலையனூர் என்பார்கள். அங்கே அம்மனுக்குக் காவல் பாவாடைராயன். அவரைக் கும்பிடாமல் வந்தால் போன காரியம் பாதிதான் என்பார்கள். பியூனிடம் டீ சாப்பிட்டாரா என்று கேட்டுவிட்டுப் போக வேண்டும் என்றேனே!

தோட்டப்பாளையம், விருதம்பட்டு என்று நாலா பக்கத்திலிருந்தும் ஊர்வலம் பாலாற்றுக்கு வந்து சேருகிறது. பம்பையும் உடுக்கையும் காதைப் பிளக்கின்றன. காளி வேஷக்காரர்கள் நாக்கை நீட்டிக்கொண்டு ஆடுகிறார்கள். கொழுக்கட்டை, சுண்டல், சில்லறைக் காசு எல்லாம் கூட்டத்தின்மேல் பறக்கின்றன. கீழே விழுந்ததைப் பொறுக்க அடிதடி. அந்த அமளிக்குப் பக்கத்திலேயே, அவரவர் வீட்டுச் சமாதியில் மஞ்சள் குங்குமம் வைத்து இலை போட்டு, செத்தவர்களோடு அமைதியாகப் பேசிக்கொண்டிருக்கிறவர்களும் உண்டு. பெரியம்மா பெரியப்பாவின் மண்மேட்டில் இட்லி, கறிக்குழம்பு, ஒரு கட்டு பீடி வைத்தாள்.

"நைனா, நீ கணக்கு எழுதறவன். மேல எழுதறவரும் உன் ஆளுதானே? நம்மாளு ஒருத்தர் வந்திருக்காரு, பார்த்துப் போடுங்கன்னு ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

தமாஷாகத்தான் சொன்னாள். எனக்கு வாய் உலர்ந்து போனது.

ஆற்றைப் பார்த்தேன். வெறும் மணல். இந்த ஆற்றையும் நிலத்தடி நீரையும் தோல் கழிவு கெடுத்ததற்கு வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போனது. 1996 ஆகஸ்டில் தீர்ப்பு. நம்ம மாவட்டத்துடன் இன்னும் சில மாவட்டங்களின் டேனரிகளுக்கும் தலைக்குப் பத்தாயிரம் அபராதம். ஆற்றுக்கு ஒரு கோர்ட் இருக்கிறது. கொலைக்கு ஒரு கோர்ட், களவுக்கு ஒரு கோர்ட். ஒரு கிழவரின் அரை மணி நேரத்துக்கு எந்தக் கோர்ட்டில் கேஸ் போடுவது? பெரிய சாமி அதற்காக எழுந்து வருவாரா? அதற்குத்தான் எலும்பு நொறுக்கியும் குடல் தின்னியும் வேண்டியிருக்கிறது. அதற்குத்தான் ஏடும் எழுத்தாணியும் வேண்டியிருக்கிறது. சின்னத் தப்புக்குச் சின்ன சாமி!

சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று பெரியம்மா வீட்டுக்குக் கூட்டிப்போனாள். இலை முன்னால் உட்கார்ந்தேன். எதிர்ச் சுவரில், சுண்ணாம்பின் மேல், கரிக்கோடுகள். வரிசை வரிசையாக. பால்காரி கணக்கு மாதிரி.

"இது இன்னா பெரியம்மா?"

"அதுவா? லேட்டா வர்ற அன்னிக்கு அந்த மனுசன் ஒரு கோடு இழுப்பாரு. எதுக்குயான்னா சிரிப்பாரு. நைனா வேலைக்கு சேந்த வருசம் ஆரம்பிச்சாரு."

சோறு இறங்கவில்லை. அவள் குழம்பு எடுக்க உள்ளே போனபோது எண்ணினேன். இரண்டு தடவை. 212.

எழுதப் படிக்கத் தெரியாத மனுஷன். என் மஸ்டர் ரோலைவிட ஒழுங்காக ஒரு மஸ்டர் ரோல் வைத்திருக்கிறார். கடைசி வரை அதை என்னிடம் நீட்டவில்லை. 'நம்ம புள்ள. தப்பா வருமா?'

ராத்திரி பேனாவை எடுத்தேன். நாள் கூலி 60 ரூபாய். எட்டு மணி நேரம். மணிக்கு ஏழரை. அரை மணிக்கு மூன்று ரூபாய் எழுபத்தைந்து காசு. 212 அரை மணிக்கு 795 ரூபாய். அப்பாடா என்று மூடப் போனேன். அப்போதுதான் இன்னொன்று ஞாபகம் வந்து தொலைத்தது. 1948-ம் வருஷ ஃபேக்டரி சட்டப்படி ஓ.டி.க்கு இரட்டைக் கூலி! 1,590. என் ஒரு மாதச் சம்பளத்தில் 210 ரூபாய்தான் மிச்சம். ரவுண்டாக 1,600 கொடுத்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. வேண்டாம், தர்மம் மாதிரி ஆகிவிடும். கணக்கு கணக்காகவே இருக்கட்டும்.

முதல் தேதி சம்பளம் வாங்கியதும் நேராகப் பெரியம்மாவிடம் போனேன்.

"கம்பெனியில பெரியப்பாவுக்குப் பழைய பாக்கி இருந்துது. குடுக்கச் சொன்னாங்க."

பெரியம்மா எண்ணினாள். ஒரு ரூபாயை எடுத்து மஞ்சள் துணியில் முடிந்து அங்காளம்மன் படத்துக்குக் கீழே வைத்தாள். அப்புறம் கட்டைவிரலைப் பாவாடை நுனியில் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"எங்க வெக்கணும்?"

"எதை?"

"கைநாட்டு. கம்பெனிப் பணம்னா கைநாட்டு வாங்குவாங்களே?"

பாருங்கள், கணக்கு எழுதுகிறவனுக்கு வவுச்சர் ஞாபகம் வரவில்லை! திருதிருவென்று விழித்துவிட்டு, பாக்கெட் டைரியை எடுத்து 'ரூ.1,590 பெற்றுக்கொண்டேன்' என்று எழுதி நீட்டினேன். பேனா மையைத் தடவி, அழுத்தமாக ஒரு கைநாட்டு வைத்தாள். என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்குமோ என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம் உண்டு.

அந்த மாதம் மஸ்டரில் எல்லோருடைய அரை மணியையும் எழுதினேன். மேனேஜர் கூப்பிட்டார்.

"என்னப்பா, மறுபடியும் சில்லறையா? நீ என்ன சித்திரகுப்தனா?"

"இல்ல சார். அவரோட அசிஸ்டென்ட். வேணாம்னா நீங்களே அடிச்சுட்டு, பக்கத்துல கையெழுத்துப் போட்டுடுங்க சார்."

வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். அந்த மாதம் கையில் இருந்ததே 210 ரூபாய் என்பதை நினைவில் வையுங்கள்! அவர் சிவப்புப் பேனாவை எடுத்தார். மூடியைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். ஆபீஸில் உள்ளவர்களுக்குத் தெரியும், ஒரு மனுஷன் எதை வேண்டுமானாலும் வாயால் சொல்வான். கையெழுத்துப் போடு என்றால்தான் தொண்டை அடைக்கும். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "சரி, போ" என்றார். அன்றிலிருந்து அந்த டேனரியில் அரை மணியும் மணிதான். எனக்கு அந்த வருஷம் இன்கிரிமென்ட் வரவில்லை. அது வேறு கணக்கு.

இதையெல்லாம் படித்துவிட்டு என்னை நல்லவன் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பெரியப்பா ஒருவரின் சுவரைத்தான் நான் பார்த்தேன். குடோனில் இன்னும் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். எத்தனை வீட்டுச் சுவர்களில் எத்தனை கோடுகளோ! அந்தப் பாக்கி அப்படியேதான் நிற்கிறது. பாதிப் பேர் பாலாற்றங்கரைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இப்போதெல்லாம் எங்கே பார்த்தாலும் விரலை வைத்தால் 'தேங்க் யூ' சொல்கிற மெஷின். நிமிஷம் பிசகாமல் எழுதிக்கொள்கிறது. ஆனால் மெஷின் எழுதியதை மாதக் கடைசியில் ரவுண்ட் செய்கிறவன் இன்னமும் ஒரு மனுஷன்தான். அது நீங்களாகக்கூட இருக்கலாம்.

ஆனி தன் இருதயத்துக்கே ஒரு விண்ணப்பம் எழுதி வைத்திருக்கிறார்: தராசில் நிற்கும்போது எனக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிடாதே என்று. கணக்கு எழுதுகிறவனுக்குத்தானே தெரியும், உள்ளே என்ன இருக்கிறதென்று!

நான் அப்படி எதுவும் எழுதி வைக்கவில்லை. டைரி இருக்கிறது. நாற்பத்திரண்டு பேரும் வரிசையாக உட்கார்ந்து கேட்கும்போது, அந்தக் கைநாட்டுப் பக்கத்தை எடுத்துக் காட்டுவதாக உத்தேசம். ஒரே ஒரு சிக்கல். 'கம்பெனியில குடுக்கச் சொன்னாங்க' என்றேனே, அந்தப் பொய்யைக் கேட்பதற்கென்றே அங்கே ஒருத்தர் உட்கார்ந்திருக்கிறார்.

அவர் டீ சாப்பிடுவாரா என்று விசாரிக்க வேண்டும்!